ஆறு மணிக்குப் பம்மல் வந்த குரல்

மிருதுளா டப்ளினுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், மாலை ஆறு மணிக்கு, அவளுடைய குரல் மட்டும் பம்மலுக்குத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வங்கித் தேர்வுப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கியது. கண் தெரியாத ஜெரூஷா திடுக்கிடவில்லை. "இன்னாக்கா, நாலு நாளா ஆளக் காணோம்?" என்றாள். தோல் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள் அம்மா ஞானசௌந்தரி, காலி நாற்காலியின் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைத்தாள்.

கல்லூரியின் சமூக சேவைத் திட்டத்தில் அந்த ஆண்டு நாற்பத்தோரு பேர் சேர்ந்திருந்தார்கள். பதினேழு பேருக்கு அட்டெண்டன்ஸ் குறைவு. இருபத்து மூன்று பேருக்கு வெளிநாட்டு விண்ணப்பத்தோடு வைக்கச் சான்றிதழ் தேவை. சேலையூர் மிருதுளா அவர்களில் ஒருத்தி. சேவை செய்யவென்றே வந்தவன் ஒருவன்தான். அவன் இரண்டாம் வாரமே நின்றுவிட்டான். மிருதுளா நூற்றிருபது மணி நேரம் வாசித்து முடித்து, ஜெரூஷாவிடம் சொல்லிக்கொள்ளாமலே விமானம் ஏறியிருந்தாள்.

பம்மலில் குரல் கேட்டபோது டப்ளினில் மதியம் ஒன்றரை. காப்பி கேட்க வாய் திறந்தாள், காற்றுதான் வந்தது. மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டரைக்குக் குரல் தானாகத் திரும்பியது, லேசான தோல் வாடையோடு. மறுநாள் ஜெரூஷா போன் செய்தாள். "நீ வந்து படிக்கிறது நல்லா கீதுக்கா. கொஞ்சம் மெதுவா படி." அதன்பின் மிருதுளா அந்த ஒரு மணி நேரத்தைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டாள். குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றினார்கள்; குரல் பன்னிரண்டரைக்கே கிளம்பியது. பம்மலில் ஆறு ஆறுதானே.

இரண்டு வருடம் போயிற்று. விசா முடிய மூன்று வாரம் இருக்கையில் வேலைக்கான நேர்முகம் வந்தது, சரியாக ஒன்றரைக்கு. நேரத்தை மாற்ற மறுத்துவிட்டார்கள். மிருதுளாவின் அம்மா ஞானாம்பாள் சேலையூரிலிருந்து பஸ் பிடித்துப் பம்மலுக்குப் போய், ஒரே ஒரு நாள் விட்டுத்தரும்படி கேட்டாள்.

"நானா ஆன்ட்டி இட்டாறேன்? அதுவா வருது," என்றாள் ஜெரூஷா. "பரவால்ல, நாளைக்கு வேணாம்னு சொல்லிடறேன்."

ஞானாம்பாள் அன்றே மகளிடம் சொன்னாள்.

"அவளுக்குப் பரீட்சை என்னைக்கும்மா?"

"நாளன்னைக்காம். மூணாவது தடவை எழுதறாளாம். அதுக்கென்னடி இப்போ?"

 "அப்ப குரல் அங்கேயே போகட்டும்மா. நான் எழுதிக் காட்டிக்கறேன்," என்றாள்.

நேர்முகத்துக்குப் பேனாவோடு போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அழகான கையெழுத்தில் பதில் எழுதினாள். வேலை கிடைக்கவில்லை. அன்றைக்கு அழுதாள். பத்தொன்பதாம் நாள், பேச்சுக்கு அதிகம் வேலையில்லாத ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தாள். ஜெரூஷா தேறி, குரோம்பேட்டைக் கிளையில் எழுத்தராக இருக்கிறாள். குரல் இன்னும் வருகிறது. இப்போது அதன் முன்னால் உட்கார்ந்து கேட்பவர்கள், அதே தெருவில் இருக்கும் கண் தெரியாத பையன் தாவீதும் அவனைப் போன்ற வேறு மூன்று பேரும். இந்த ஆண்டு அவர்களுக்குத்தான் தேர்வு.

சென்ற மார்ச்சில் கல்லூரி, பழைய சேவை மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் படிவம் அனுப்பியது. பெரும்பாலோர் டொராண்டோ, சிட்னி, ஓஎம்ஆர் என்று எழுதினார்கள். மிருதுளா, "டப்ளின், மாலை ஆறு முதல் ஏழு வரை பம்மல்" என்று நிரப்பினாள். அலுவலகத்தில் அப்படியே பதிந்துகொண்டார்கள்.