எறும்பின் ஒரே வாடிக்கையாளர்

உலகத்தில் யார் யாரோ கணினி மொழிகளை எழுதுகிறார்கள், அவற்றை லட்சக்கணக்கில் ஆட்கள் பயன்படுத்துகிறார்கள். சின்னவன் எழுதிய மொழிக்கு வாய்த்தது ஒரே ஓர் ஆள். அதுவும் யார் என்றால், அவனுடைய சொந்த அண்ணி.

சின்னவன் என்றதும் பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன், முன்மண்டை விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். அண்ணனுக்கு இளையவன் என்பதால் வந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வேலை இல்லாத நேரத்தில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள், இல்லையென்றால் குறட்டை விடுவார்கள். இவன் உட்கார்ந்து ஒரு மொழி செய்தான், அதற்கு எறும்பு என்று பெயரும் வைத்தான். ‘போ’, ‘திரும்பு’, ‘வட்டம்’, ‘மறுபடி செய்’ என்று கைக்கு அடக்கமான கட்டளைகள்தான். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொடுத்தால், எறும்பு வரிவரியாகப் படித்து, சொன்னபடியே எம்பிராய்டரி மிஷினை ஓட்டும்.

மிஷின் அண்ணியுடையது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. நீச்சல் கிளப்புக்குத் துண்டு, பள்ளிக்கூடத்துக்கு பேட்ஜ், ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குச் சட்டைப் பையில் பெயர் என்று எதைக் கேட்டாலும் அண்ணி தைத்துக் கொடுப்பாள். அண்ணன் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து தொங்கும் நூல்களைக் கத்தரித்துக்கொண்டு, ராகம் எதிலும் சேராத ஒரு பாட்டை முணுமுணுப்பார். அந்த வீட்டில் முடிவு எடுப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று காலை சின்னவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பென்டிரைவும் லேப்டாப்புமாக வந்து நின்றான். விஷயம் இதுதான். மிஷின் கம்பெனியின் விற்பனையாளர் அன்று தங்கள் புது மென்பொருளைக் காட்ட வருகிறார். அண்ணிக்குப் பிடித்துவிட்டால் எறும்பு அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரே வாடிக்கையாளரும் போய்விட்டால் அப்புறம் என்ன மொழி, என்ன எறும்பு? இதை நினைத்து நினைத்து முந்தின நாளெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணி, புது எறும்பு கொண்டு வந்திருக்கேன். அவர் வர்றதுக்குள்ள ஏத்திடறேன்."

"பழசுதான் நல்லா ஓடுதேப்பா. அதைப் போய் எதுக்கு நோண்டறே?"

"வேகம் கூடும் அண்ணி."

வேகமாவது மண்ணாவது. உண்மை வேறு. போன மாதம் பொழுது போகாமல் ஒரு பெரிய வட்டத்தைத் தன் லேப்டாப் திரையில் போட்டுப் பார்த்தபோதுதான் எறும்பின் குட்டு அவனுக்கு உடைந்தது. ஒவ்வொரு தையலுக்கும் கணக்குப் போடும்போது, தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் துளியை அது வெட்டி எறிந்துகொண்டிருந்தது. துளிதானே என்று விட முடியுமா? சுற்றி முடிப்பதற்குள் துளியெல்லாம் சேர்ந்து, வட்டம் மூடாமல் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. இத்தனை வருஷமாக இந்த லட்சணத்திலா கொடுத்திருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டான். அண்ணி தைப்பதெல்லாம் சின்ன வட்டம், அதில் தெரியாது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஓசைப்படாமல் திருத்திவிட்டான். தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை. அதனால்தான் இந்த வேகக் கதை.

சரி, அண்ணியின் டிசைனை ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்க முடியாது. அந்தத் தொழிலில் டிசைனை அடுத்தவருக்குக் காட்டுகிற வழக்கம் கிடையாது. எட்டிப் பார்த்தால் அண்ணி திரையைக் கையால் மறைத்துக்கொள்வாள். கொழுந்தனாக இருந்தால் என்ன, கடவுளாக இருந்தால் என்ன. சின்னவனும் அந்த மரியாதையை மீறியதே இல்லை.

ஏற்றும் வேலையும் லேசில் முடியவில்லை. புது எறும்பை அண்ணியின் கணினியில் போட்டு, எத்தனையாவது பதிப்பு என்று கேட்டால், அது அசராமல் பழைய எண்ணையே சொன்னது. மறுபடி போட்டான். மறுபடியும் பழைய எண். அண்ணன் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் பார்த்தால், பழைய எறும்பு வேறொரு மூலையில் குடியிருந்துகொண்டு, யார் கூப்பிட்டாலும் முந்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறது.

"உன்னை வச்சுக்கிட்டு என்ன பண்றது," என்று சின்னவன் அதைத் தேடிப் பிடித்து அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்று தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை. வெட்கக்கேடான அந்தப் பழசு கண்ணில் படாமல் ஒழிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. இப்போது புது எண் வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டான்.

விற்பனையாளர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, வந்ததும் செருப்பை ஒழுங்காக ஓரமாக வைத்த நல்ல மனுஷன். அண்ணி காபி கொடுத்துவிட்டு, பேச்சை வளர்க்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"நீச்சல் கிளப் பேட்ஜ், வட்டத்துக்குள்ள அலை. ரெண்டு பேரும் தைச்சுக் காட்டுங்க. எது நல்லா இருக்கோ அதைத்தான் வச்சுக்கப் போறேன். தம்பி, முதல்ல உன்னுது."

சின்னவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அண்ணி பொத்தானை அழுத்தினாள். ஊசி படபடவென்று இறங்கியது. அலை வந்தது, அழகாக வந்தது. வட்டமும் சுற்றிக்கொண்டு வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டது. தொட்டதோடு நிற்க வேண்டியதுதானே? நிற்காமல் தைத்த இடத்திலேயே ஏறி இன்னும் தைத்தது. அதைச் சுற்றி வந்த அடுத்த வட்டத்திலும் அதே கூத்து. நூல் பட்டாணி மாதிரி புடைத்தது, ஊசி அதில் மாட்டித் திணறியது, டக்கென்று நூல் அறுந்து மிஷின் நின்றது.

"காலைல வரைக்கும் நல்லா இருந்துச்சு," என்றாள் அண்ணி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் சின்னவனுக்கு இன்னும் வலித்தது.

"பழசையே போட்டுக் காட்டேன்டா," என்றார் அண்ணன்.

"அழிச்சிட்டேன்."

அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். விற்பனையாளர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காபி டம்ளரைப் பார்த்தார். சின்னவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு, பிறந்ததிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"அண்ணி, டிசைனைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

அண்ணி யோசித்தாள். விற்பனையாளரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, திரையை இவன் பக்கம் திருப்பினாள்.

சின்னவன் படித்தான். ‘வட்டம்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘போ, இரண்டு தையல்’. அடுத்த வட்டம் கொஞ்சம் பெரியது, அதன் கீழே ‘போ, நான்கு தையல்’. வேறொரு டிசைனைத் திறந்தான், அதிலும் அப்படியே. எந்த டிசைனைத் திறந்தாலும், ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னாலும், எறும்பு விட்ட ஓட்டையை அடைக்க அண்ணி கையால் போட்ட ஒட்டு. ஓட்டை இப்போது இல்லை, ஒட்டு மட்டும் நிற்கிறது. புடைக்காமல் என்ன செய்யும்?

"உங்களுக்குத் தெரியுமா? வட்டம் மூடலைன்னு?"

"முதல் நாளே தெரியும்ப்பா."

"ஏன் அண்ணி சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அன்னைக்குக் கொண்டு வந்து காட்டறப்போ உன் முகத்தை நீ பார்க்கல, நான் பார்த்தேன். ரெண்டு தையல் கூடப் போட்டா சரியாப் போகுது, அதுக்காக உன் மனசை நோகடிக்கணுமான்னு விட்டுட்டேன். அப்புறம் நூறு டிசைன் ஆயிடுச்சு. இனிமே சொன்னா நீ திருத்திடுவியேன்னு வேற பயம்."

சின்னவன் அண்ணி பக்கம் திரும்பினான். அவ்வளவு பாசமாக யாரும் அவனை ஏமாற்றியதில்லை. "நானும் பொய்தான் சொன்னேன்," என்றான். "வேகமெல்லாம் ஒண்ணும் கூடல. அந்தத் தப்பைத்தான் திருத்தினேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"ரெண்டும் சரியான ஜோடிதான் போ," என்றார் அண்ணன்.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பட்டறை முதலாளி அல்லவா. விற்பனையாளர் பக்கம் திரும்பி, அவருடைய பேட்ஜையும் தைத்துக் காட்டச் சொன்னாள். குறை சொல்ல முடியாத பேட்ஜ். சின்னவனே மனசுக்குள் ஒப்புக்கொண்டான். அண்ணி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஒருவேளை இதுல ஏதாவது தப்பு வந்தா?"

"ஒரு நம்பர் இருக்கும்மா. அதுல சொன்னீங்கன்னா குறிச்சுக்குவாங்க. அடுத்த பதிப்புல பெரும்பாலும் வந்துடும்."

"அது எப்போ வரும்?"

"அடுத்த வருஷம் வாக்குல." மனுஷன் பொய் சொல்லத் தெரியாதவர்.

அண்ணி இந்தப் பக்கம் திரும்பினாள். "நீ?"

"அவர் காபி ஆறுறதுக்குள்ள."

சொன்னபடியே உட்கார்ந்தான். திருத்தத்தை எடுத்துவிடவில்லை, அது நியாயமான திருத்தம். அதன் பக்கத்திலேயே ‘பழையபடி’ என்று ஒரு புதுக் கட்டளையைச் சேர்த்தான். டிசைனின் முதல் வரியில் அந்தச் சொல் இருந்தால், எறும்பு முன்போலத் துளியை வெட்டி எறிந்து, முன்போலவே தப்பாக வட்டம் போடும். அண்ணியின் பழைய டிசைன் ஒவ்வொன்றிலும் அந்தச் சொல்லை எறும்பே போட்டுக்கொள்ளும்படி செய்தான். இவ்வளவு கவனமாக, இவ்வளவு ஆசையாக ஒரு தப்பை யாரும் திரும்பக் கட்டியிருக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் இப்போதைய எறும்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தான். பட்டால்தானே புத்தி வருகிறது.

மிஷின் ஓடியது. அலை வந்தது. வட்டம் ஓட்டையோடு வந்து நின்றது, அண்ணியின் இரண்டு தையல் வந்து அதை மூடியது. புடைப்பும் இல்லை, அறுபடவும் இல்லை. விற்பனையாளர் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு," என்று தலையாட்டிவிட்டு மீதிக் காபியைக் குடித்தார். அது கொஞ்சம் ஆறித்தான் போயிருந்தது, ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இதையே வச்சுக்கறேன் தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க," என்று அண்ணி அவரை வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

திரும்பி வந்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இனிமே தப்பு இருந்தா சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க அண்ணி."

"முகம் தொங்காதே?"

"தொங்காது."

"அப்போ கேளு. சாய்ஞ்ச கோடு ஒரு பக்கமா இழுக்குது. நூல் மாத்தச் சொன்னா ஒரு தடவை மறந்துட்டு ஓடுது. ‘திரும்பு’ன்னு எழுதி அளவு சொல்லலேன்னா மக்கு மாதிரி அப்படியே நிக்குது..."

அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். சின்னவனின் முகம் கொஞ்சம் தொங்கத்தான் செய்தது. ஆனாலும் உள்ளே ஒரே கொண்டாட்டம். வருஷக்கணக்காக இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு ஒருத்தி தன் எறும்போடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்றால், இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்?

எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அண்ணி கணினி முன்னால் உட்கார்ந்தாள். புது டிசைன் ஒன்றைத் தொடங்கினாள். இந்தத் தடவை திரையை மறைக்கவில்லை. ‘வட்டம்’ என்று எழுதினாள். பழக்கத்தில் கை அடுத்த வரிக்குப் போனது. அங்கேயே நின்றது. சின்னவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்த வரியை எழுதாமலே பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மிஷின் நின்றது. சட்டத்திலிருந்து துணியைக் கழற்றி, வட்டத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். ஒரு சுற்று ஓட்டினாள், திரும்ப இன்னொரு சுற்று. பிறகு துணியை அவனிடம் நீட்டினாள்.

"எங்க சேர்ந்துச்சுன்னு நீயே கண்டுபிடி. எனக்குத் தெரியல."

சின்னவன் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. கண் வேறு கலங்கியிருந்தது.