நின்றுவிட்டதாம்

"உதிரம் நின்னுட்டாம்மா?" என்று கேட்டாள் நர்ஸ் ரத்னாபாய்.

கேட்டது பிரசவ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த விஜயத்தை. திரும்பியது மாமியார் சரஸ்வதியம்மாள். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மாட்டுப்பெண் அந்நியரிடம் வாய் திறக்கிற வழக்கம் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் இல்லை. ஆகையால் கேள்வி மாமியார் வழியாகப் போகும். பதிலும் மாமியார் வழியாகவே வரும். மூவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும்.

"நர்ஸ் கேக்கறா. நின்னுடுத்தோல்லியோ?" என்றாள் சரஸ்வதியம்மாள். அவள் கேள்வி கேட்டால் பதிலையும் உள்ளே வைத்தே கேட்பாள். வியாதிக்காரிக்குச் சிரமம் கொடுக்க மாட்டாள்.

விஜயம் போர்வையைப் பார்த்தாள்.

"நின்னுடுத்தாம்."

நிற்கவில்லை. அது விஜயத்துக்கும் தெரியும், சரஸ்வதியம்மாளுக்கும் தெரியும். நர்ஸ் வருமுன் துணி மாற்றி, பழையதை வாளியில் அமுக்கி மூடிவைக்கச் சொன்னவளே அவள்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நாளைக்குக் குழந்தை பிறந்த பதினோராம் நாள். ஆத்தில் தீட்டுக் கழியப் புண்யாகம், பேரனுக்குப் பெயர் வைக்க வேண்டும். சமையல்காரருக்குச் சொல்லியாயிற்று. தவிர, அதெல்லாம் வாயால் சொல்கிற சமாசாரமா?

"நான் ஒருக்கா பாத்துக்கிடட்டா?" என்றாள் ரத்னாபாய்.

"எதுக்கு? பிள்ளையாண்டான் நிக்கறான்."

பிள்ளையாண்டான் கல்யாணராமன், விஜயத்தின் புருஷன், வாசற்படியில் சுவரைப் பார்த்து நின்றான். சர்க்கார் குமாஸ்தா. போன மாதம் வாசகசாலையில் பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றி இங்கிலீஷில் பேசிக் கைதட்டல் வாங்கியவன். அம்மா எதிரில் பெண்டாட்டியோடு பேசுவதில்லை. அது வேறு விஷயம்.

ரத்னாபாய் தொடுவதில் மட்டும் தகராறு இல்லை. பிள்ளை பெற்றவளே தீட்டு. தீட்டை யார் தொட்டால் என்ன? இத்தனை நாளும் விஜயத்தின் நெற்றியில் கை வைத்தது கழுத்தில் சிலுவை போட்ட இந்த மார்த்தாண்டத்து வேதக்காரி ஒருத்திதான்.

"அப்பம் சரி. வீட்டுக்கு விடலாம்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிருதேன்."

விஜயத்துக்குக் கீழே மறுபடி சூடாக நனைந்தது. ஜன்னல் கம்பிகள் நீருக்குள் இருப்பதுபோல் ஆடின. எதிராத்து மன்னியும் இப்படித்தான், நின்றுவிட்டது என்று சொல்லி ஆத்துக்கு வந்தாள். பெயர் வைக்க வந்தவர்களே மறுவாரம் துக்கத்துக்கும் வந்தார்கள்.

"அக்கா," என்றாள் விஜயம்.

ரத்னாபாய் நின்றாள்.

"நிக்கலை. இப்பவும் போயிண்டிருக்கு. வாளியில பாருங்கோ."

பக்கத்துக் கட்டில்காரி இருமலை நிறுத்தினாள். ரத்னாபாய் வாளி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

"அக்காவாம்," என்றாள் சரஸ்வதியம்மாள், சுவரைப் பார்த்து நின்ற பிள்ளையிடம். "கேட்டுக்கோடா. உன் ஆத்துக்காரிக்கு மார்த்தாண்டத்துல ஒரு அக்கா இருக்கா. இனிமே அக்காவே பாத்துக்கட்டும்."

விஜயத்தை அனுப்ப முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மறுநாள் காலை குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். தாய்க்குப் பதில் அத்தை மணையில் உட்காருவாள். பாலுக்குப் பசு இருக்கிறது. சாஸ்திரத்தில் எல்லாவற்றுக்கும் வழி உண்டு. கல்யாணராமன் படியில் கொஞ்சம் தயங்கினான். ஏதோ சொல்ல வந்தவன் போலிருந்தது. அம்மா குடையை விரிக்கச் சொன்னாள், விரித்தான்.

சாயங்காலம் ரத்னாபாய் வந்து பார்த்தாள். உதிரம் குறைந்திருந்தது.

"வேற எங்கயும் வலி உண்டாம்மா?"

விஜயம் பழக்கத்தில் பக்கத்தைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"மார் கட்டிண்டு வலிக்கறது," என்றாள். ரவிக்கை நனைந்திருந்தது. "குழந்தையைக் கொண்டுவரச் சொல்லி ஆத்துக்கு ஆள் அனுப்புங்கோ."

"யாரு சொன்னான்னு கேப்பாங்களே?"

"நான் சொன்னேன்னு சொல்லச் சொல்லுங்கோ."