ஆட்சேபணை இல்லை

முதல் தப்பு என்னுடையது. அதை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

நான் வக்கீல் கார்குழலியின் குமாஸ்தா. வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து உயர்நீதிமன்றம் வரை ஏறி வந்தவர் அவர். எண்ணூர்ப் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றுக்காகப் பத்து வருடம் வழக்கு நடத்தினார். முகத்துவாரத்தை மறித்துச் சுவர் கட்ட அரசு கொடுத்த அனுமதியை எதிர்த்த வழக்கு. சுவர் வந்தால் படகு கடலுக்குப் போக வழியில்லை. அவர் வாங்கிய தடை உத்தரவுதான் சுவரை நிறுத்தி வைத்திருந்தது.

போன வருடம் அவரையே அரசு வழக்கறிஞராகப் போட்டார்கள். அடுத்த தேர்தலில் சீட்டும் உண்டு என்று பேச்சு. அரசுக்கு எதிரான வழக்குக் கட்டுகளில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன், உரியவர்களிடம் கொடுத்துவிடு, இனி நான் அரசுக்கு எதிராக நிற்க முடியாது, வேறு வக்கீல் வைத்துக்கொள்ளட்டும் என்றார் மேடம்.

மீனவர் வழக்குக் கட்டைக் குப்பத்துக்குக் கொண்டுபோனேன். தலைவர் பொன்னுரங்கம் அதைத் தொடவே இல்லை.

"நைனா, எங்க குப்பத்துல வலைய திருப்பிக் குடுத்தா பங்கு முறிஞ்சிச்சின்னு அர்த்தம். அம்மா எங்க ஆளு. கட்டு அவங்ககிட்டயே கெடக்கட்டும்."

நான் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். வெயில், பசி, மனுஷர் கண் வேறு கலங்கிவிட்டது. கட்டைக் கொண்டுவந்து பீரோவில் பூட்டிவிட்டு, "எல்லாம் குடுத்தாச்சு மேடம்" என்றேன்.

பிப்ரவரியில் வழக்கு வந்தது. அரசுக்காக எழுந்தவர் அரசுத் தரப்பில் மேடத்தின் கீழ் வேலை செய்த இளைய வக்கீல் பாஸ்கல். மேடம் வேறொரு வழக்குக்காக முன்வரிசையில் இருந்தார். மனுதாரர் பக்கம் யாரும் எழவில்லை. நீதிபதி பட்டியலைப் பார்த்தார். அதில் இன்னும் கார்குழலி என்றே பெயர்.

"வக்கீல் இல்லையா? தள்ளுபடி செய்துவிடலாமா?"

பாஸ்கலால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், சுவரும் எழும்பும், சீட்டும் கிடைக்கும். பின்வரிசையில் பொன்னுரங்கமும் அவர் மனைவி நீலாவும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். "நம்ம அம்மா தான் அங்க கீறாங்களே" என்று நீலா என்னிடமே சொன்னாள். எனக்கு உயிரே போய்விட்டது.

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அவர் எழுந்தார்.

"வக்கீல் இல்லாதது அவர்கள் தப்பில்லை. என் தப்பு. தடையை நீட்டித்து இரண்டு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும்."

கொடுத்தார்கள். மதியமே மேலிடத்திலிருந்து மேடத்துக்குப் போன் வந்துவிட்டது. மறுநாள் பதவி இல்லை. சீட்டு வேறு யாருக்கோ போனது.

அந்த வாரமே பொன்னுரங்கம் ஆபீசுக்கு வந்தார். "பதவி போனா இன்னாம்மா? இனிமே நீயே வந்து நில்லு."

"முடியாது தலைவரே. அரசாங்கத்தோட கோப்பு என் மேஜைக்கு வந்துட்டுப் போச்சு. அதைப் பார்த்த நான் உங்க பக்கம் நிக்கக் கூடாது. சங்கமித்ரான்னு நல்ல வக்கீல். சொல்லி வெச்சிருக்கேன்."

மேடம் என்னிடம் பீரோவைத் திறக்கச் சொன்னார். கட்டை எடுத்துப் பிரித்து, தான் முன்பு போட்ட கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு நீட்டினார். பொன்னுரங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அன்னிக்கே இத நாங்க வாங்கியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"வேற வக்கீல் எழுந்திருப்பாரு. நான் உக்காந்திருப்பேன்."

தாங்கள் கட்டை வாங்காததால்தான் அம்மாவின் பதவி போனது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதார். என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரோச் சாவியோடு அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.