வத்தல்னா வத்தல்தான்

நாலு மணிக்கு இயக்குநர்கள் கூட்டம். இப்போது மணி பன்னிரண்டு. மாரிச்செல்வி கம்பெனி செல்போனை மேசையில் கவிழ்த்து வைப்பதும் மறுபடி எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். எடுக்கும்போதெல்லாம் அந்த வீடியோவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது.

வீடியோவில் சென்னைக்கார அம்மா ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமுகிறார். பேர் சுந்தரேஸ்வரி. பின்னால் அடுப்பில் வாணலி புகைகிறது. "வத்தல்னு ஆர்டர் பண்ணினேன். பார்க்க மோர்மிளகாய் மாதிரி குண்டு குண்டா இருந்தது. தயிர்சாதத்துக்குப் பொரிக்கலாம்னு ஒரு கை அள்ளி எண்ணெய்ல போட்டேன். மூணாவது மாடிக்காரங்க வரைக்கும் வந்து கதவைத் தட்டிட்டாங்க. வத்தல்னு சொல்லி வெறும் மிளகாயை அனுப்பியிருக்காங்க. கோவில்பட்டிப் பக்கம் ஏதோ உழவர் கம்பெனியாம். யாரும் ஏமாறாதீங்க!"

நாகலாபுரத்தைச் சுற்றி நிலத்தில் பாடுபடும் நானூறு சம்சாரிகள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி அது. மிளகாயை மண்டியில் கொட்டாமல் நேராக வீடுகளுக்கே அனுப்புவதற்காக, பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பக்கம் திறந்து ஒன்றரை வருஷமாக நடத்தி வந்தவள் மாரிச்செல்வி. காட்டுக்குள் போய்ப் படம் எடுத்தாள், களத்தில் காயப்போடுவதை வீடியோ எடுத்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதினாள். பதினோராயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். தன் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பேஸ்புக் பக்கத்தை மூடினால் வேலையும் போகும். வேலை போன மறுநாளே வீட்டில் மாப்பிள்ளை பேச்சைத் தொடங்கிவிடுவார்கள்.

வீடியோ வந்ததோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். காலையில் பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்தாள். பார்த்ததும் உச்சந்தலை காந்தியது. நின்ற வாக்கிலேயே கம்பெனி பேரில் பதில் போட்டுவிட்டாள்.

"வத்தல்னா வத்தல்தான். மிளகாயைப் பார்த்தாலே மிளகாய்னு தெரியாதவங்களுக்கு நாங்க என்ன செய்ய?"

அந்தம்மாவின் வீடியோவை விட இந்த இரண்டு வரிதான் இப்போது அதிகம் சுற்றிக்கொண்டிருந்தது. நானூறு பேர் வாயால் அவள் பேசிவிட்டாள்.

கோபத்துக்குக் காரணம் அந்தம்மா மட்டும் இல்லை. கோயம்புத்தூரில் படித்தபோது முதல் வாரம், "எங்கப்பா வரல சார், அவியளுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்று வகுப்பில் சொன்னாள். மூன்று வருஷமும் அவள் பேர் 'அவியல்' ஆகிப்போனது. தன் ஊர் வார்த்தையை யாராவது தப்பு என்றால், காரணம் கேட்பதற்கு முன்பே அவளுக்குக் கை ஓங்கிவிடும்.

கம்பெனித் தலைவர் கண்ணபிரான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"எம்மா செல்வி, மூடிப்போடு அந்தப் பேஜை. மெட்ராஸ்ல என் மருமவன்ட்ட கேக்கானுவளாம், 'உங்க மாமா கம்பெனில ஊரைக் கூட்டி இருமவச்சாவளாமே'ன்னு."

"வத்தல்னா மிளகாய்தான அண்ணாச்சி? நீங்க வேற எதைச் சொல்லுவீய?"

"நான் சொல்லுதது இருக்கட்டும். நீ எழுதினியே, அதைச் சொல்லு." தன் போனை நீட்டினார். "இந்தா, மருமவனே எழுதி அனுப்பிட்டாவ. இதைப் போட்டுட்டு மூடு. பேசாம மண்டிக்கே போட்டுருவோம்."

'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு எங்கள் நிறுவனம் தனது ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.'

"இது பேங்குல சர்வர் வேலை செய்யலன்னா ஒட்டுத நோட்டீஸு அண்ணாச்சி. நான் போடமாட்டேன்."

"நாலு மணிக்கு எல்லாரும் வாராவ. அங்கன சொல்லு இதை." அவர் விடுவிடுவென்று போய்விட்டார்.

பக்கத்துக் கொட்டகையில் வள்ளித்தாய் வெளுத்த மிளகாயைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் கம்பெனியில் ஒரு இயக்குநர். நாலு மணிக்கு அவளுக்கும் நாற்காலி உண்டு. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஏட்டி, பதினோராயிரம் பேரு, பதினோராயிரம் பேருன்னு பீத்திக்கிட்டுக் கிடந்தியே. அதுல ஒருத்தி காலைலருந்து இருமுதா. இருமல் நின்னுட்டுதான்னு கேட்டியா?"

"உங்களுக்கென்ன மதினி, சொல்லுவீய. ஊரே என்னையப் போட்டு வறுக்குது."

"வறுத்தது அவ. அதனாலதான இருமுதா!" என்று சொல்லிவிட்டு வள்ளித்தாய் தானே சிரித்தாள்.

மாரிச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகைக்கும் வாசலுக்கும் நாலு நடை நடந்தாள். பார்சல் நோட்டை எடுத்து நம்பரைத் தேடினாள். போனில் அழுத்தினாள். இரண்டு தடவை ரிங் போனதும் வைத்துவிட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"ஹலோ, யாரு?"

"வத்தல் கம்பெனிலருந்து பேசுதேன்."

"மிளகாய்க் கம்பெனின்னு சொல்லுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டாள். "இருமல் நின்னுட்டுதாங்க?"

"எனக்கு நின்னுடுச்சு. என் வீட்டுக்காரருக்கு இன்னும் நிக்கலை."

"என் பேரு மாரிச்செல்வி. மிளகாயைப் பார்த்தாலே தெரியாதான்னு எழுதினது நான்தான்."

"நீயாம்மா? நான் யாரோ மீசை வச்ச ஆள்னு நினைச்சேன். என்ன வயசு உனக்கு?"

"இருபத்தி நாலு."

"அதான்."

எதுக்கு 'அதான்' என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். "எங்க ஊர்க் கடையில கால் கிலோ வத்தல் தாங்கன்னு கேட்டா மிளகாயைத்தாங்க தருவாவ. சுண்டைக்காய்னா சுண்டவத்தல்னு தனியாச் சொல்லுவோம்."

"எனக்கு அது எப்படித் தெரியும்? நான் தஞ்சாவூர்ப் பக்கம். வத்தல்னா எங்களுக்குப் பொரிக்கிறது. உங்க பாக்கெட்ல மிளகாய்ங்கிற வார்த்தையே இல்லையே."

மாரிச்செல்வி ஜன்னலில் அடுக்கியிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள். 'கரிசல் வத்தல்' என்று அவளே வடிவமைத்த பச்சை எழுத்து. இல்லைதான். எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"உங்களுக்குத் தெரியாதுதான்" என்றாள். "நான் எழுதினது தப்பு. மன்னிச்சிருங்க. ஆனா வத்தல்னு பேரு வச்சதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன்."

அந்தப் பக்கம் கேட்டது சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. "சரி. ஆனா நான் போட்ட வீடியோவை எடுக்கமாட்டேன். இன்னொருத்தி எண்ணெய்ல போட்டுடக் கூடாதில்ல?"

போனை வைத்தபோது மணி ஒன்று. மாரிச்செல்வி உள்ளங்கையில் ஒரு குத்து மிளகாயை அள்ளிப் படம் எடுத்தாள். கீழே எழுதினாள், அழித்தாள், எழுதினாள்.

"இது மிளகாய். எங்க ஊர்ல இதை வத்தல்னு சொல்லுவோம். எண்ணெயில் பொரிக்காதீங்க. பாக்கெட்டில் மிளகாய்னு போடாம விட்டது என் தப்பு. காலையில் துடுக்காப் பதில் எழுதினதும் நான். கம்பெனி இல்லை. உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு? இப்படிக்கு, மாரிச்செல்வி."

பேஸ்புக் பக்கத்தில் அவள் பேர் வருவது அதுவே முதல் தடவை.

நாலு மணிக்கு இயக்குநர்கள் ஏழு பேரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"வீடியோவ எடுத்துட்டாளா?" என்றார் கண்ணபிரான்.

"எடுக்கல. எடுக்கமாட்டாவளாம்."

"அப்ப மூடு."

"மூடுங்க. இதைப் பார்த்துட்டு மூடுங்க." போனை மேசையில் தள்ளினாள்.

முந்நூறு பேருக்கு மேல் பதில் எழுதியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் வரமிளகாய் என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், தங்களுக்கு அது செத்தல் என்றார். 'பித்தலாட்டக் கம்பெனி' என்று திட்டியவர்களும் இருந்தார்கள். தூத்துக்குடிக்காரர் ஒருவர், "வத்தல்னா வத்தல்தாம்மா, நீ எதுக்கு மன்னிப்புக் கேக்க?" என்று அவளிடமே சண்டைக்கு வந்திருந்தார். நடுவில் சுந்தரேஸ்வரி: "எங்க வீட்டில் காய்ஞ்ச மிளகாய். பொண்ணு போன் பண்ணி விசாரிச்சா. வாய் கொஞ்சம் ஜாஸ்தி."

போன் கை மாறிக் கை மாறிப் போனது. சத்தமாக வாசித்தது வள்ளித்தாய். கடைசியில் போன் கண்ணபிரானிடம் வந்து நின்றது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"எங்க வீட்டுல தெலுங்குல மெரபகாய்னு சொல்லுவாவ. அதைக் காணுமே."

"நீங்களே எழுதுங்க அண்ணாச்சி."

எழுதினார். ஒற்றை விரலால் எழுதி முடிக்க நேரமானது. அதுவரை யாரும் மூடுவதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு அவரே செருமினார்.

"சித்திரை கழியுத வரைக்கும் பேஜு இருக்கட்டும், பாப்போம். ஆனா ஒண்ணு. பாக்கெட்ல மிளகாய்னு போட்டாகணும். நீ பேரைப் போட்டுட்ட. இனி எவன் வைதாலும் உன்னையத்தான் வைவான்."

"வையட்டும்."

அவர்கள் போனபின் மார்க்கர் பேனாவோடு தரையில் உட்கார்ந்தாள். அச்சடித்த பாக்கெட்டைத் தூர எறிய மனசில்லை. 'வத்தல்' என்ற பச்சை எழுத்துக்கு முன்னால் 'மிளகாய்' என்று ஒவ்வொன்றிலும் கையால் எழுதினாள். அழுத்தி எழுதியதில் முதல் பாக்கெட் கிழிந்தது.

போன் கிணுகிணுத்தது. சுந்தரேஸ்வரியின் மெசேஜ்.

"சுண்டைக்காய் இருக்கா? எதைக் கேட்டா எது வரும்னு முதல்லயே சொல்லிடும்மா."

"இருக்கு. சுண்டவத்தல்னா சுண்டவத்தல்தான்" என்று அடித்தாள். விரல் நின்றது. பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்தாள்.

"இருக்கு" என்று மட்டும் அனுப்பினாள். அனுப்பிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பேனாவை எடுத்து அடுத்த பாக்கெட்டில் அழுத்தி எழுதி அதையும் கிழித்தாள்.