மெத்தை கேட்காத மகாராணி

சோபாக்காரருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான்: மெத்தை வைத்தவை, இன்னும் மெத்தை வைக்காதவை. அதனால், பிறந்த மகளை மருத்துவமனையிலிருந்து காரில் அழைத்து வர வாங்கிய குழந்தை இருக்கையைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே முகம் சுளித்தார். அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"பூ மாதிரி புள்ள, இந்தத் தொட்டியிலயா உக்காரும்?"

பட்டறைக்குப் போனார். இருந்ததிலேயே நல்ல ஃபோமை வெட்டி, மஞ்சள் வெல்வெட் போர்த்தி, நடுவில் பொத்தான்கூட வைத்து ஒரு மெத்தை தைத்தார். வாடிக்கையாளர்களிடம் 'அடுத்த வாரம்' என்பதையே வாய்ப்பாடாக வைத்திருப்பவர், இதை மட்டும் ஒரே மூச்சில் முடித்தார். காரின் பின்சீட்டில் மெத்தை, அதன்மேல் குழந்தை இருக்கை, சுற்றிலும் பெல்ட். மாட்டி முடித்துப் பார்த்தால் சிம்மாசனம்தான்.

கூட வந்த மச்சான், அவர் மனைவியின் அண்ணன், குனிந்து பார்த்தார்.

"மாப்ள, திருப்பி மாட்டிட்டீங்களே?"

"சின்னப் புள்ளைங்க பின்னாடி பாத்துதான் உக்காரணும் மச்சான். கழுத்துக்கு நல்லது."

"நீங்க ஓட்டுறதப் பாக்காம இருந்தா மனசுக்கும் நல்லது."

சோபாக்காரருக்குச் சுருக்கென்றது. மனைவி பஸ் ஓட்டுபவள். இவர் ஓட்டும் காரில் ஏறினால் அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். கால் மட்டும் பேசும். இன்றைக்காவது, மகள் வீட்டுக்கு வரும் நாளிலாவது, அந்தக் கால் சும்மா இருக்க வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

மருத்துவமனை வாசலில் மனைவி குழந்தையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, நேராகக் காரின் பின்கதவைத் திறந்தாள். பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டினாள். சிம்மாசனம் தொட்டிலாயிற்று.

"ஏங்க, அடியில என்ன?"

"மெத்தை. நானே தைச்சேன்." மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது. "உக்காந்தா ஒரு விரக்கடை ஆழம் உள்ள போகும். அவ்ளோ சுகம்."

"பிரேக் போட்டா?"

"அப்பவும்…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். காலமெல்லாம் அந்த விரக்கடையைச் சொல்லித்தானே சோபா விற்கிறார்! ஃபோம் அமுங்கும். அமுங்கினால் பெல்ட் தளரும். பெல்ட் தளர்ந்தால்… மேற்கொண்டு நினைக்கப் பிடிக்காமல் மெத்தையை உருவி எடுத்தார். பொத்தான் தெறித்து விழுந்தது.

"இப்படிக் குடுங்க" என்று வாங்கிய மனைவி, வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் அதைப் போட்டு மெல்ல உட்கார்ந்தாள். தையல் போட்ட உடம்பு. "அப்பாடா!" என்று கண்ணை மூடினாள். "இத்தனை நாள்ல இப்பதாங்க ஒழுங்கா உக்காந்திருக்கேன்."

சோபாக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெறும் சீட்டில் இருக்கையை வைத்து பெல்ட்டை மாட்டி இழுத்தார். இன்னும் ஆடியது. சற்று யோசித்தார். முரட்டு ரெக்சினைச் சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது என்ன செய்வார்? முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி, துணியை இழுப்பார். அதையே செய்தார்.

"மாப்ள, கார் சாஞ்சிரப் போகுது!"

"நீங்க புள்ளையச் சாய்க்காம புடிங்க மச்சான்."

பெல்ட் சரசரவென்று உள்ளே போய் விறைத்தது. மனைவி எழுந்து வந்து ஆட்டினாள். கார்தான் ஆடியது, இருக்கை ஆடவில்லை.

கம்பளியோடு குழந்தையை உட்கார வைக்கப் போனவரையும் தடுத்தாள். "அதுவும் மெத்தைதாங்க. மொதல்ல தோள்வாரை மாட்டுங்க, அப்புறம் மேல போத்துங்க." தோள்வாரை இறுக்கி, விரலால் கிள்ளிப் பார்த்தாள். கிள்ள மடிப்பு அகப்படவில்லை. மகாராணி இந்த அமளியெல்லாம் தெரியாமல் கொட்டாவி விட்டாள்.

மனைவி பின்னால் குழந்தைக்குப் பக்கத்தில், மச்சான் முன்னால், மெத்தை மச்சானின் மடியில். கார் கிளம்பியது. முதல் திருப்பம். அடுத்த சிக்னல். பின்னாலிருந்து சத்தமே இல்லை. சோபாக்காரரால் பொறுக்க முடியவில்லை.

"மச்சான், மெதுவாத் திரும்பிப் பாருங்களேன். அவ காலு என்ன பண்ணுது?"

மச்சான் திரும்பிப் பார்த்தார். "கால நீட்டித் தூங்குறா மாப்ள. ரெண்டு பேருமே நல்ல தூக்கம்."

சோபாக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிரே ஒரு லாரி வந்தது. நிதானமாக ஒதுங்கி வழிவிட்டவர், தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தார்.

மெத்தையைக் கட்டிப் பிடித்திருந்த மச்சானின் வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.