உடன் வருகிறாரா?

மாமனாரின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மருமகள் தலையணைக்கடியிலிருந்து விசா ஃபைலை உருவினாள். தலை கனத்தது. கண்டக்டர் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். முக்கியமான எதையும் தலைக்கடியில் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். விடிகாலையில் அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டார். டாக்டரும் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தாயிற்று.

பத்தரைக்கு விசா அலுவலகத்தில் இருக்க வேண்டும். நாளை மறுநாள் மகளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் விசா விதிப்படி அவள் குடும்பத்தில் சேர்த்தியில்லை. அப்பா அம்மா அங்கே, அவள் மட்டும் இங்கே.

வெளிநாட்டில் கிரேன் ஓட்டும் கணவன் போனில் அழுதான். "நீ கெளம்பு. அப்பாகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"மாமா பேரும் அதுல இருக்கேங்க. செத்துட்டார்னு சொன்னா புதுசா போடுன்னு திருப்பிடுவாங்க. சொல்லாம மாட்டிக்கிட்டா மொத்தமா போச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நான் பாத்துக்கறேன், போயிட்டு வா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. பிணத்தைப் போட்டுவிட்டு மகளோடு கிளம்பிய தன்னை மருமகளுக்கே பிடிக்கவில்லை.

கவுண்டரில் கண்ணாடிக்காரர் ஒருவர் தாள்களைப் புரட்டினார். படிவத்தை நிரப்பியது மாமனார்தான். எழுத்து அச்சடித்தாற்போல இருக்கும் என்று அவருக்குப் பெருமை. இவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"மூணு பேர் எழுதியிருக்கு. ரெண்டு பேர்தான் வந்திருக்கீங்க?"

மகள் அவள் புடவையைச் சின்னப் பிள்ளை போலப் பிடித்துக்கொண்டாள்.

"ஓ, மாமனாருக்கு 'உடன் வருகிறாரா'ங்கற எடத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கே. அப்ப சரிதான்." அவர் சிரித்தார். "இது யாரு, கணக்கெல்லாம் போட்டிருக்கறது?"

பக்கத்தின் அடியில், யாரும் கேட்காத இடத்தில், பஸ் டிரிப் ஷீட்டில் ஆள்கணக்கு எழுதுவதுபோல மாமனார் எழுதியிருந்தார்: ஆக மொத்தம், இரண்டு.

"என்னை எதுக்கும்மா மூட்டை கட்டறீங்க?" என்று மாமனார் கேட்டபோதெல்லாம் வேடிக்கை பேசுகிறார் என்றுதான் நினைத்தாள்.

"அப்ப மாமனார் எங்க இருப்பாரு?"

"வீட்டுல இருக்கார்."

கண்ணாடிக்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பொய்யில்லைதானே என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கைரேகைக் கருவியில் வைத்த விரல்களை மகள் உடனே எடுத்துவிட்டாள். "பயப்படாதம்மா, வலிக்காது," என்றார் கண்ணாடிக்காரர். ரசீதோடு மாமனாரின் புகைப்படங்கள் இரண்டையும் தள்ளினார். "இது வேணாம், எடுத்துட்டுப் போங்க."

படியிறங்கும்போது பக்கத்து வீட்டு அக்கா போனில் கூப்பிட்டாள். "பெரியவர் போட்டோ ஒண்ணு வேணுங்கறாங்க, பெருசு பண்ணி மாலை போட. வீடு பூரா தேடியாச்சு, ஒண்ணும் கெடைக்கல."

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர் மூன்று தரம் சொல்லி எடுத்த படம். அப்படியும் வாயோரம் கொஞ்சம் மீறியிருந்தது.

"இருக்குக்கா," என்றாள். "ரெண்டு இருக்கு."