அக்காவின் பொத்தான்

காலையில் மின்சாரம் போய் வந்தது. அதோடு அக்காவின் பேச்சும் நின்றுபோனது.

பக்கவாதத்துக்குப் பிறகு அக்காவிடம் அசைவது வலது கட்டைவிரல் ஒன்றுதான். திரையில் எழுத்துகள் ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது அவள் பொத்தானை அமுக்குவாள். கணினி அதைக் கோத்து வாய்விட்டுச் சொல்லும். லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய கணினியில் தம்பி செய்து கொடுத்தது. பொத்தானின் இணைப்பு கழன்றுவிடக் கூடாதென்று கணினியைப் பெட்டிக்குள் வைத்துத் திருகி மூடியிருந்தான். ஊரார் கணினியெல்லாம் பழுதுபார்க்கிறவனை இன்று வீட்டுக் கணினி தரையில் உட்கார வைத்துவிட்டது.

கருந்திரையில் வரிகள் ஏறின. கணினி பொத்தானுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னது, நேரம் கடந்துவிட்டது என்றது, பிறகு கைகழுவிவிட்டு மேலே போனது. எத்தனை முறை எழுப்பினாலும் இதே பாட்டுதான்.

சோபாவில் அக்கா மகள் தவித்துக்கொண்டிருந்தாள். பராமரிப்பு இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருக்கிறது, மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே சேர்க்கலாம் என்பது அவள் கட்சி. அக்கா என்னோடுதான் இருப்பாள் என்பது தம்பியின் கட்சி. இருவரும் கத்தி ஓய்ந்து, அக்காவையே கேட்பது என்று முடிவாகியிருந்தது.

"என்ன மாமா, சரியாகுமா?"

"ஆகும். கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இரு."

"எங்கம்மா வாய்தான் மூடிக் கிடக்கு. முதல்ல அதைத் திறங்க."

எந்தச் சாதனத்தை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று கணினி முடிவுசெய்வது அவன் எழுதிவைத்த விதிகளைப் பார்த்துத்தான். எல்லா விதிகளையும் படித்தான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பொத்தானுக்கு நேரே 'அனுமதி இல்லை' என்றே வந்தது. அப்புறம்தான் உறைத்தது: விழித்தெழும்போது, எல்லாம் சேமித்திருக்கும் வட்டைத் திறக்கும் முன், கணினி ஒரு சின்னக் கோப்பு மூட்டையை அவிழ்க்கும், அதற்குள்ளும் விதிகளின் நகல் உண்டு. பிரித்துப் பார்த்தான்.

இந்தப் பொத்தானை ஏற்காதே. அதற்கு மேலே அவனே தட்டிய குறிப்பு: இன்று இரவு மட்டும்.

மழைக்காலத்தில் ஓர் இரவு. அக்கா ஓயாமல் அமுக்க, கணினி "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்த்தான். அடுத்த தரம் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். விடிந்ததும் வெட்கப்பட்டு அழித்தான், யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதற்குள், அந்த இரவிலேயே தானாக ஓடிய மென்பொருள் புதுப்பிப்பு, அந்த விதியையும் மூட்டைக்குள் அள்ளிப் போட்டிருந்தது. பிறகு கணினியை யாரும் அணைக்காததால் அது இன்றுவரை தெரியவில்லை.

"முடியலைன்னா விடுங்க மாமா," என்றாள் அக்கா மகள், குரல் இறங்கி. "அம்மா மனசு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்."

முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா அவனோடு இருப்பாள். வார்த்தை நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அக்கா அவனையே பார்த்திருந்தாள். கட்டைவிரல் மட்டும் வேலைசெய்யாத பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. அன்று இரவும் அவள் இப்படித்தான் அமுக்கியிருப்பாள்.

மூட்டையைப் புதிதாகக் கட்டி, கணினியை எழுப்பினான். வரிகள் தடங்கலின்றி ஓடின.

"அம்மா, இங்கயே இருக்கியா, இல்ல அந்த இல்லத்துக்குப் போறியா?"

விரல் அமுங்கியது. "போறேன்," என்றது கணினி.

"ஏங்க்கா? நான் என்ன குறை வச்சேன்?"

நெடுநேரம் எழுத்துகள் ஓடின. அக்காவின் கண்ணில் கோபம் இல்லை.

"அங்க ராத்திரி முழிச்சிருக்க ஆள் இருக்கு. தம்பி தூங்கட்டும்."

அக்கா மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா மாமா, உங்க மேல எவ்வளவு பாசம்னு!"

அவன் தலையாட்டினான். தரையிலிருந்து எழுந்திருக்க மட்டும் அவனால் முடியவில்லை.